தேனீயின் முதுகில் ஒரு புள்ளி

செங்கல்பட்டு ஏசுதாஸ் ஸ்டூடியோவில் எந்த மணப்பெண்ணுக்கும் முகத்தில் பரு இருந்ததில்லை. நேரில் இருந்திருக்கலாம், ஆல்பத்தில் இருந்ததில்லை. அதற்கு ஜெயப்பிரியா பொறுப்பு. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், மாப்பிள்ளையின் அக்குளில் பூத்த வியர்வை, தாலி கட்டும் நேரம் பார்த்து மேடை ஓரத்தில் கொட்டாவி விட்ட பெரியப்பா, எல்லாரையும் எல்லாவற்றையும் மவுஸின் ஒரு சொடுக்கில் இல்லாமல் ஆக்கிவிடுவாள். கண் பார்ப்பதற்குள் கை அழித்திருக்கும். அவ்வளவு பழக்கம்.

அவளிடம் இருந்த கேமராவும் அந்த ஸ்டூடியோவில் ஓய்வு பெற்றதுதான். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஜோடியைக் கல்யாணத்துக்கு முன்பே கட்டிப்பிடிக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது லென்ஸ் மாற்றும் நேரத்தில் ஒரு காற்று அடித்தது. மணல் உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து அந்தக் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் வானத்தில் கரும்புள்ளிகள். எத்தனை ஜோடிகளின் தலைக்கு மேலிருந்து அந்தப் புள்ளிகளை அழித்திருப்பாள் என்று கணக்கே இல்லை. கடைசியில் ஏசுதாஸ் புதுக் கேமரா வாங்கினார். "காயலான் கடைக்குப் போட மனசு வரல. நீயே வெச்சிக்கோம்மா" என்று பழையதை இவளிடம் தந்துவிட்டார்.

தந்தபோது இவளுக்கு அதில் எடுக்க ஒன்றும் இல்லை. தை மாதம் வந்தபிறகுதான் இருந்தது.

படாளத்தில் அவர்கள் நிலத்தின் வரப்போரம் வேப்பமர நிழலில் தேன்பெட்டிகள் வைத்திருந்தாள். இத்தாலியத் தேனீ. பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு, புருஷன் தீனதயாளன் சிரித்ததையும் பொருட்படுத்தாமல், தானே ஆரம்பித்தது. காலையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் செங்கல்பட்டு பஸ் ஏறுவாள். இவ்வுலகில் அவள் யாருடைய முகத்தையும் திருத்தாமல் அப்படியே ரசித்தது அந்தப் பெட்டிகளுக்குள் மட்டும்தான்.

அந்தத் தேனீக்கள் செத்துக்கொண்டிருந்தன. பெட்டி வாசலில் பனி ஈரத்தில் ஊர்ந்தன. சிறகு சுருங்கிப் போய், பறக்கத் தெரியாமல், அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து எறும்புக்கு இரையாயின. பாதிப் பெட்டிகள் காலி. மீதியும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தன.

"வேற இன்னா, அண்ணாத்த மருந்து அடிச்சிகினு கீறாரு" என்றான் தீனதயாளன். பொத்தேரி ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் வேன் ஓட்டுகிறவன். வேனை நிறுத்தாமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிற ஆள். அண்ணாத்த என்றது வரப்புக்கு அந்தப் பக்கத்து கேசவனை, அவனுடைய பெரியப்பா மகனை. கேசவன் தர்பூசணி போட்டிருந்தார். "காத்தால காத்தால கொடிக்குள்ள குந்திகினு இன்னா பண்றாருன்னு நெனைக்கிற? வேருல மருந்து வெக்கறாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"இத வேற போய் பாக்கணுமா?"

கேசவனிடம் ஒருமுறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "பூ எடுக்கற நேரத்துல எவனாச்சும் மருந்து அடிப்பானா?" என்று அவர் சொன்னதோடு சரி. அடிக்கிறவன் அடிக்கிறேன் என்றா சொல்வான் என்று இவளுக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது போதாது. பயிற்சி கொடுத்த அம்மா ஒரு வழி சொல்லியிருந்தார்: மருந்தில் செத்த தேனீக்கள் நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும். தேனீயின் நாக்கு வெறும் கண்ணுக்கு எங்கே தெரியும்? முடியைவிடச் சற்றுத் தடிமன். எனவே அந்த நாக்கைப் படம் எடுப்பது என்று ஜெயப்பிரியா முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டால் அவளை நிறுத்துவது அவளைப் பெற்றவர்களாலேயே ஆகாத காரியம்.

சின்னதைப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் கடையில் கிடைக்கும். அதன் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஸ்டூடியோ ஷோகேஸில் பிலிம் காலத்து லென்ஸ் ஒன்று பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் உருவம் பெரிதாகும். கேமராவிலிருந்து தள்ளி வைத்தால் இன்னும் பெரிதாகும். தள்ளி வைப்பதற்கு போர்வெல் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. உள்ளே வெளிச்சம் சிதறாமல் இருக்கக் கறுப்பு சார்ட் பேப்பர். கேமராவின் வாய்மூடியில் கம்பியைக் காய்ச்சித் துளை போட்டு, எம்-சீல் வைத்துக் குழாயோடு ஒட்டினாள். ஃப்ளாஷ் வெளிச்சத்தை லென்ஸ் முனைவரை கொண்டுவர சிப்ஸ் டப்பா, உள்ளே அலுமினியத் தாள். வெளிச்சம் முகத்தில் அறையாமல் இருக்க டப்பாவின் வாயில் இட்லித் துணி.

"இன்னாடி இது, பாத்ரூம் பைப்புக்கு லைட் போட்டு வெச்சிருக்க?" என்றான் தீனதயாளன். அவள் எம்-சீல் காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்தாள்.

முதல் வாரப் படங்களில் தேனீயே இல்லை. இருந்ததெல்லாம் மஞ்சள் மூட்டம். தேனீக்கு அவ்வளவு கிட்டே போனால் ஒரு அரிசியின் தடிமன் அளவுகூடத் தெளிவாக விழுவதில்லை. கண் தெளிந்தால் சிறகு மங்கும், சிறகு தெளிந்தால் கண் மங்கும். அவள் மூச்சு விட்டால் படம் போயிற்று. நாடித்துடிப்பே படத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு வந்த கோபத்தில் நாடி இன்னும் வேகமாகத் துடித்தது. ஊரில் தச்சு வேலை செய்கிறவர் ஒருவர், மேசை இழுப்பறை வழுக்கி ஓடப் போடுகிற இரும்புச் சேனல் ஒன்றைத் தந்தார். அதைப் பலகையில் அடித்து, மேலே கேமராவை வைத்து, மயிரிழை மயிரிழையாக முன்னே தள்ளினாள். வரப்பில் குப்புறப் படுத்து, நைட்டியின் மேல் போட்ட புருஷன் சட்டை பனியில் நனைய, வெயில் ஏறித் தேனீ சுறுசுறுப்பாவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஸ்டூடியோவுக்குப் போகிற பஸ்ஸில் கழுத்தெல்லாம் மண்ணாக இருக்கும்.

ஒரு நாள் விழுந்தது. தேனீயின் கண். கண்ணிலேயே ரோமம் முளைத்திருந்தது! கண்ணுக்குள் மயிர் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் போடா என்றிருப்பாள். வரப்பிலேயே எழுந்து உட்கார்ந்து கேமராவின் குட்டித் திரையைப் பார்த்துச் சிரித்தாள். எதற்காக எடுக்க வந்தோம் என்பதை ஒரு நிமிஷம் மறந்தே போனாள்.

பிறகு நினைவு வந்தது. செத்தது, சாகக் கிடந்தது என்று ஒன்று விடாமல் எடுத்தாள். பெரும்பாலானவை வாயை மூடிக்கொண்டே செத்திருந்தன. ஆனால் ஒன்று, சிறகு சுருங்கி, உயிர் போகிற தறுவாயில், நாக்கை நீட்டியிருந்தது. பழுப்பாக, மெல்லியதாக, நுனியில் ஈரத்தோடு. அந்த ஒன்று போதும் என்று நினைத்தாள். இதுதான் அவள் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பை அவள் செய்ததாகவே அவளுக்குத் தெரியாது. படத்தை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஈயின் முதுகில் செம்பழுப்பாக ஒரு புள்ளி. மாமல்லபுரத்து மணல், சனியன், இங்கேயும் வந்துவிட்டது. கிளிக். பக்கத்தில் இன்னொன்று, கிளிக். நிறத்தைக் கூட்டி, பின்னணியைக் கறுப்பாக்கி, ரோமம் ரோமமாகத் தெரியும்படி கூராக்கினாள். ஏசுதாஸ் எட்டிப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு மாதிரி கீதும்மா" என்றார்.

பயிற்சி அம்மாவுக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து பதில் வந்தது. 'அருமையான படம். உடம்பு சுத்தமாக இருக்கிறது, நோய் எதுவும் தெரியவில்லை. மருந்தாக இருக்கலாம்.' இருக்கலாம் என்பதை தீனதயாளன் படிக்கவில்லை. படத்தை ஊர் வாட்ஸாப் குரூப்பில் போட்டு, கீழே எழுதினான்: 'வாயில்லா ஜீவனுக்கு விஷம் வெச்சது யாரு? வரப்புக்கு அந்தாண்ட கேளுங்க.'

அழகான படம் எதைச் சொன்னாலும் ஊர் நம்பிவிடும். அன்று மாலைக்குள் கேசவன் பூச்சிக்கொலையிலிருந்து ஆள்கொலை வரை செய்யக்கூடியவர் ஆகிவிட்டார். அவருடைய மனைவி சங்கரி வழக்கமாக இவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். "ஜெயா, குழம்பு இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவள் மறுநாளிலிருந்து வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தாள். ஜெயப்பிரியாவுக்கு உறுத்தியது. ஆனால் தேனீக்களை நினைத்ததும் உறுத்தல் அடங்கிவிட்டது.

ஊர்க்கண் முழுதும் கேசவன்மேல் இருந்தது. அவருடைய மருந்தடிக்கும் பம்ப்பு மாட்டுக் கொட்டகையில் தூசு படிந்து தொங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். அப்படியும் தேனீக்கள் செத்தன. இன்னொரு பெட்டி காலியானது. ராணித் தேனீயைச் சுற்றிக் கைப்பிடியளவு ஈக்கள் மட்டும், என்ன செய்வதென்று தெரியாமல். ஜெயப்பிரியா மூடியைத் திரும்பப் போடாமல் பெட்டி எதிரில் அழுதாள். பிறகு மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு கேமராவை எடுத்தாள்.

அன்று ஊர்ந்துகொண்டிருந்த ஒரு தேனீயை வரிசையாகப் பல படம் எடுத்தாள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தாள். முதுகில் புள்ளி. கிளிக். இரண்டாவது படத்தில் ஈ இடது ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. புள்ளி ஈயோடு நகர்ந்திருந்தது.

மவுஸ் மேல் இருந்த விரல் நின்றது.

மணலைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் செங்கல்பட்டில் கிடையாது. கேமராவுக்குள் விழுந்த தூசு அசையாது. மாப்பிள்ளை அசையட்டும், கடல் அசையட்டும், அது படத்தின் அதே மூலையில் அப்படியே இருக்கும். இது தூசு என்றால் ஈயின் முதுகில் ஏறிச் சவாரி போகுமா? பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். புள்ளிக்கு விளிம்பு இருந்தது, பளபளப்பு இருந்தது. ஓரத்தில் கால்கள் இருந்தன.

அழிக்காத மூலப் படங்கள் எல்லாம் கார்டில் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். இருந்தது. இதிலும் இருந்தது. நாக்கு நீட்டிய அந்த ஈயின் முதுகிலும் இரண்டு இருந்தன. ஊருக்குக் காட்டிய படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது, கல்யாணப் பெண்ணின் கன்னம் மாதிரி. உடம்பு சுத்தமாக இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னாரே, சுத்தம் செய்தது யார்?

மூலப் படத்தை அனுப்பியதும் அந்த அம்மாவே போன் செய்துவிட்டார். "இதை ஏன் முன்னாடியே அனுப்பல? மாட்டுக்கு உண்ணி மாதிரி இது தேனீ உண்ணி. கூட்டுக்குள்ள புழுவையே பிடிச்சிக்கும். அதனாலதான் சிறகு சுருங்குது. ஒரு ஈ நாக்கை நீட்டினதை வெச்சி மருந்துன்னு சொல்லிட முடியாது." சர்க்கரையை மாவாக அரைத்துத் தூவினால் உண்ணியின் பிடி வழுக்கிக் கீழே விழும், திரும்பத் திரும்பத் தூவ வேண்டும், பிறகு உண்ணி மருந்தோடு ஆள் அனுப்புகிறேன் என்றார்.

வீட்டில் தீனதயாளன் படத்தை நெடுநேரம் பார்த்தான். "சரி, உண்ணி. சர்க்கரை போடு. அதோட வுடு. குரூப்புல போட்டத யாரும் இப்ப ஞாபகம் வெச்சிகினு கீல."

"சங்கரி அக்கா ஞாபகம் வெச்சிருக்காங்க."

"இன்னா பண்ணச் சொல்ற? ஊரு முன்னாடி என் மானம் போவணுமா?"

"அவுரு மானம் போச்சே, அது இன்னா, ஓசியில வந்ததா?" என்றாள். அவன் வேன் சாவியைத் தேடுவதுபோலப் பாவனை செய்தான்.

விடிந்ததும் பெட்டிகளுக்குச் சர்க்கரைத் தூள் தூவிவிட்டு வரப்பைத் தாண்டினாள். கேசவன் வழக்கம்போலக் கொடிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். மருந்து வைக்கிறார் என்று தீனதயாளன் சொன்ன அதே இருப்பு. ஜெயப்பிரியா கிட்டே போனபிறகுதான் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பறித்த ஆண் பூ ஒன்று. இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, காம்பைப் பிடித்து, அடியில் சுண்டைக்காய் அளவு பிஞ்சு வைத்த பெண் பூவுக்குள் மெல்லத் தேய்த்தார். அடுத்த பூவுக்கு நகர்ந்தார். விரலெல்லாம் மஞ்சள். முழங்காலில் சாக்குத் துணி கட்டியிருந்தார்.

தேனீ செய்கிற வேலையை அந்த மனிதர் செய்துகொண்டிருந்தார். தினமும், அவள் கண்ணெதிரே. தேனீயின் கண்ணிலுள்ள ரோமத்தை எண்ணத் தெரிந்தவள் வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளைப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா, இன்னும் போட்டோ புடிக்கணுமா? புடி. நல்லா கிட்ட வந்து புடி" என்றார் நிமிராமலே.

"மாமா, தப்பு எங்க மேலதான். மருந்து இல்ல, உண்ணி. படத்துல இருந்தது, நான்தான் தூசின்னு அழிச்சிட்டேன்."

போனை நீட்டினாள். அவர் மஞ்சள் விரலால் தொடாமல் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த பூவைப் பறித்தார்.

"உன் ஈ இல்லன்னா என் கொடியில பிஞ்சு நிக்காது. பூ பூக்குது, வாடுது, கொட்டுது. இது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சவன் விஷம் வெப்பானா? ஒரு நாள் வரப்பத் தாண்டி வந்து இன்னா மாமா பண்றேன்னு கேட்டியா நீ?"

"கேக்கல மாமா."

"குரூப்புல போட்டப்ப ஊரு மொத்தம் பாத்துச்சு. டீக்கடையில என் எதிர்ல குந்திகினு இருந்தவன் கிளாஸத் தூக்கிகினு எழுந்து பூட்டான். இப்ப நீ வந்து என் காதுல சொன்னா அல்லாம் சரியா பூடுமா?"

அவர் கேட்டது நியாயம் என்பது மட்டும் தெரிந்தது. திரும்பி நடந்தவள் பாதி வரப்பில் நின்றாள். பெரிதாகச் செய்த தப்பைச் சின்னதாகத் திருத்த முடியாது. பெரிதாக்குவது அவள் தொழில்தானே.

ஏசுதாஸ் ஸ்டூடியோவில் ஃப்ளெக்ஸும் அடிப்பார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை படாளம் டீக்கடை எதிரில், கல்யாண ஃப்ளெக்ஸ் கட்டுகிற அதே இரண்டு கம்பத்துக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு ஒரு தேனீ நின்றது. சிறகு சுருங்கி, நாக்கு நீட்டி. முதுகில் தட்டு அகலத்துக்கு இரண்டு உண்ணிகள், கால் கையோடு. எதுவும் அழிக்கப்படவில்லை. மாமல்லபுரத்து மணல் கூட மூலையில் அப்படியே இருந்தது. கீழே கொட்டை எழுத்தில்:

'எங்கள் தேனீக்களைக் கொன்றது இந்த உண்ணி. கேசவன் மருந்து வைக்கவில்லை. அவர்மேல் பழி போட்டது நாங்கள். மன்னிக்கவும். இப்படிக்கு: ஜெயப்பிரியா, தீனதயாளன்.'

கம்பத்தில் ஏறிக் கயிறு கட்டியது தீனதயாளன். கட்டமாட்டேன் என்று காலை முழுக்கச் சொல்லிவிட்டு, அவளே ஏணியைச் சாத்தி ஏறத் தொடங்கியதும், "இறங்குடி, கட்டத் தெரியாம கட்டி ஈ தலகீழா தொங்கப்போவுது" என்று முனகிக்கொண்டே ஏறினான். டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது. உண்ணியைப் பார்த்து ஒருத்தர் தன் காலைச் சொறிந்துகொண்டார். அன்று கிளாஸைத் தூக்கிக்கொண்டு போனவர் தலையைக் குனிந்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நின்றார்.

கேசவன் சைக்கிளில் வந்தார். காலை ஊன்றி நின்று மேலிருந்து கீழ்வரை வாசித்தார். தன் பெயர் வரும் இடத்தில் மறுபடி ஒருமுறை வாசித்தார்.

"என் கண்ணாலத்துக்கே இத்தாம் பெரிசா வெக்கல" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் டீ சொன்னார், தீனதயாளனுக்கும் சேர்த்து.

அன்று மதியம் சங்கரி குடத்தோடு வந்தாள். தண்ணீர் பிடித்து முடித்து, போகாமல் நின்று, "சர்க்கரை நைஸா அரைக்கணுமாமே. உன் மிக்சி அரைக்காது, கொண்டா, என்னுதுல போடறேன்" என்றாள். குழம்பு என்ன என்று இன்னும் கேட்கவில்லை. அதற்கு நாளாகும் என்று ஜெயப்பிரியாவுக்குத் தெரியும்.

மீதியிருந்த பெட்டிகளை அவர்கள் வரப்புக்கு அந்தப் பக்கம், தர்பூசணிக் கொடிகளின் ஓரத்துக்கே மாற்றினார்கள். கேசவன்தான் சொன்னார். "என் கண்ணெதிர்ல இருக்கட்டும். செத்தா எப்டி செத்துதுன்னு நானே பாத்துக்கறேன்." பெட்டிக்கு அடியில் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளில் உண்ணிகள் மிளகுப்பொடி போல உதிர்ந்தன. தாளை உதறிவிட்டுத் திரும்பவும் தூவினாள். மருந்து வந்தது. ஒரு பெட்டி பிழைக்கவில்லை. மற்றவை மெல்லத் தலையெடுத்தன. மாசி வெயில் உறைக்கத் தொடங்கியதும் கேசவன் ஃப்ளெக்ஸை அவிழ்த்து வந்து, நாலு கழி நட்டு, பெட்டிகளுக்குப் பந்தல் போட்டார். தன் பெயர் இருந்த பக்கம் வரப்பைப் பார்த்து இருக்கும்படி கட்டினார்.

ஒரு காலை அந்த நிழலில் ஜெயப்பிரியா குப்புறப் படுத்திருந்தாள். தர்பூசணிப் பூவிலிருந்து ஒரு தேனீ வாசல் பலகையில் வந்து இறங்கியது. சிறகு முழுசாக, கண்ணாடி போல. சேனலை மயிரிழை தள்ளி, மூச்சை நிறுத்தி, எடுத்தாள். குட்டித் திரையில் ஈயின் முதுகில் ஒரு புள்ளி.

பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கால் இல்லை. மஞ்சளாக, பொடிப்பொடியாக இருந்தது, கேசவனின் விரலில் அன்று பார்த்த அதே பூந்தூள்.

கொடிகளுக்கு நடுவே அவர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தே நின்றுகொண்டிருந்தார். "இன்னாம்மா, உண்ணியா?" என்று கத்தினார்.

"இல்ல மாமா, உங்க பூவு!"

அந்தப் படத்தை அவள் பிறகு ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டாள். புள்ளியை அழிக்கவில்லை.